கம்பைத் தாண்டிப் போன கோழி

மகனுக்கு அப்பா சொல்லி எழுதியது. எழுதும் கை நம் தெரு பால்வாடி டீச்சருடையது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். "போன்ல சொல்லிடலாமே ஐயா" என்று அந்த டீச்சர் பெண் கேட்டது. போனில் சொன்னால் நீ நடுநடுவே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டு நானும் பாதியில் இறங்கிவிடுவேன். அதனால்தான் காகிதம். தை மாதம் உனக்குக் கல்யாணம். அன்று காலையில் எங்களை மணையில் உட்கார வைத்து, நீ எங்கள் காலைக் கழுவிப் பூ வைக்க வேண்டும். அந்த மணையில் உட்காரும் முன் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் விஷயத்தில் நான் ஒரு கள்ளத்தனம் செய்தேன். இருபத்தாறு வருஷமாக அது எனக்குள் மட்டும் இருந்தது. அதைக் கேட்ட பிறகு யார் காலைக் கழுவுவது என்று நீயே முடிவு செய்துகொள். என்னைச் சொல்ல வைத்தது ஒரு கோழி. கோழியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வாய் வரும், பொறுத்துக்கொள்.

இந்த வருஷம் மாசியில் மக்காச்சோளம் ஒடித்து முடித்த மறுநாள், கொல்லையில் சிந்திய மணியைப் பொறுக்க ஏழெட்டு மயில்கள் வந்திருந்தன. அவற்றின் நடுவில் ஒரு பெட்டைக் கோழி நின்று தின்றது. மயில்கள் அதற்கு இடம் விட்டுத் தள்ளி நின்றன. பிறந்ததிலிருந்து கோழி பார்க்கிறேன், மயில் ஒதுங்கி நிற்கிற கோழியை அன்றுதான் பார்த்தேன். கழுத்தில் ஓர் இறகு கிடையாது, வேகவைத்த பீட்ரூட் மாதிரிச் சிவப்பு. உடம்பெல்லாம் சாம்பலில் சுண்ணாம்பு தெளித்தது போலப் புள்ளி. முதுகு இறகு பின்பக்கமாகச் சுருண்டிருந்தது. கால் இரண்டும் பச்சை. சண்டைக்கோழி என்றார்கள் சிலர். பச்சமலையிலிருந்து இறங்கி வந்த காட்டுக்கோழி என்றார்கள் சிலர். மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல நாலஞ்சு சாதி கலந்திருக்கு. என்னா வகைன்னு கேட்டா நான் பொய்தான் சொல்லணும்" என்றார். காலைத் தூக்கிப் பார்க்கலாம் என்று குனிந்தவர் கையில் ரத்தம் வந்துவிட்டது. "வகைதான் தெரியல, கொணம் தெரிஞ்சுபோச்சு" என்று கையை உதறிக்கொண்டே போனார்.

நான்கு தெருவிலும் கேட்டுப் பார்த்தேன். யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. உன் அம்மா புதுக் கோழிக்குச் செய்வதையெல்லாம் செய்தாள். கையில் பிடித்து அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். காலை நம் வீட்டுத் தண்ணீரில் நனைத்தாள். மூன்று நாள் கூடையில் கவிழ்த்து வைத்தாள். அப்படிச் செய்தால் கோழிக்கு வீடு படிந்துவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வோம் அல்லவா. மூன்று நாளும் அது ஒரு மணி தின்னவில்லை, ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நாலாம் நாள் உன் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "போ தாயே, உன் பாவம் எனக்கு வேணாம்" என்று கூடையைத் தூக்கினாள். அது ஓடவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய், மோட்டார்க் குழாய் கசிந்து தேங்கிய பள்ளத்தில் குடித்தது. நாங்கள் வைத்த கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எட்டு மாதம் நம் வீட்டில்தான் இருந்தது. தரையில் இறைத்தால் நாங்கள் நகர்ந்த பிறகு வந்து பொறுக்கும். கையில் வைத்து நீட்டினால் கையைத்தான் கொத்தும்.

அதன் அதிகாரத்தை என்ன சொல்ல. நிழலில் படுத்திருந்த நாயை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் நிற்கும். கரண்ட் கணக்கு எடுக்க வந்தவர் வாசலுக்கு வெளியே நின்று, "பெரியவரே, கோழியப் புடிங்க, அப்பறம் மீட்டரப் பாக்கறேன்" என்று கத்துவார். உன் அம்மாவின் கணுக்காலில் வடு இல்லாத இடம் இல்லை. "வர்ற மருமவகூட இம்மாம் அதிகாரம் பண்ண மாட்டா. எங்கருந்துதான் இத வரவழைச்சீங்களோ, உங்க ஒறவாட்டம் இருக்கு" என்று என்னை ஏசுவாள். ஏசிவிட்டு, அரிசி களைந்த தண்ணீரை அந்தப் பள்ளத்தில் கொண்டு போய் ஊற்றுவதும் அவள்தான்.

கூண்டில் அது படுக்காது. அந்தி சாய்ந்ததும் பறந்து புங்கமரத்து மேல்கிளையில் உட்கார்ந்துகொள்ளும். காட்டுப்பூனை பிடித்துவிடுமே என்று ஒரு நாள் அதைத் துணி போட்டுப் பிடித்து, சாக்குத் தைக்கும்போது வைத்திருக்கிற கத்திரிக்கோலால் ஒரு பக்கத்துச் சிறகை நறுக்கினேன். ஒரு பக்கம் நறுக்கினால் கோழி பறக்க முடியாது, சுற்றிக்கொண்டு கீழே விழும். அன்று மாலை அது எழும்பியது, விழுந்தது. மறுபடி எழும்பியது, விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்ததும் மூச்சு வாங்க நின்றது. நான் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கூண்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நம் வெங்காயப் பட்டறைக்கு நடந்தது. வெங்காயம் காய்வதற்குக் குச்சி வைத்து நெருக்கமாகக் கட்டியிருக்கிறோமே, அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாக அலகால் கவ்விக் காலால் பற்றி ஏறியது, மனுஷன் ஏணியில் ஏறுவது போல. கீற்றுக் கூரை மேலே நடந்தது. அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி. தொட்டி விளிம்பில் வெகுநேரம் நின்று அளந்தது. ஒரே தாவு. கிளையில் போய் உட்கார்ந்துவிட்டது. எலுமிச்சங்காய் அளவுகூட இல்லாத மண்டைக்குள் இத்தனை தீர்மானம் எங்கே இருக்கிறது என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன். மறுநாளும் ஏறியது. அதற்கு மறுநாளும். நான் தினமும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். "எல்லாரும் டிவில நாடகம் பாக்கறாங்க, இவரு கோழி நாடகம் பாக்கறாரு" என்று உன் அம்மா கிண்டல் செய்தாள். ஐப்பசி மழையில் ஊரே கூரைக்குள் ஒடுங்கியபோதும் அது கிளையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. அதை எப்படியாவது எனக்குச் சொந்தமாக்கிவிட வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் எனக்கு முற்றியது.

அந்த மழை விட்டதும் பூங்காவனம் வந்தாள். ஏரிக்கு அந்தக் கரையில் குடியிருக்கிறவள். அவளும் புருஷனும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாசியில் வெளியூர் செங்கல் சூளைக்குப் போனவர்கள், அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். கோழியைத் தங்கச்சி வீட்டில் விட்டுப் போனாளாம், அங்கே அது ஒரு நாள்கூடத் தங்கவில்லையாம். நம் கொல்லை வேலிக்கு வெளியே நின்று, "ஐயா, அது என் பொட்டை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "எட்டு மாசமா தீனி போட்டு வளத்தது நானு. இப்ப வந்து ஒன்னுதுங்கறியே" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தீனி நீங்க போட்டீங்க, சரிங்கய்யா. அது உங்க கையால வாங்குச்சா?" என்றாள். சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். "இதுக்கு என்னாத்துக்குச் சண்டை? சாயங்காலம் ஏரிக்கரையில நடுவுல உடுங்க. ஆளுக்கு ஒரு பக்கம் நில்லுங்க. கூப்புடக் கூடாது, கையக் காட்டக் கூடாது. அந்திக்கு எந்த வூட்டுக்குப் போவுதோ அந்த வூட்டுக் கோழி" என்றார்கள். கோழி வழக்குக்கு நம் ஊரில் எப்போதும் உள்ள தீர்ப்புதான் அது. ஆனால் இருபத்தாறு வருஷத்துக்கு முன்பும் ஒரு தடவை அந்தத் தீர்ப்பு சொல்லப்பட்டது, மகனே. அன்று நடுவில் விடப்பட்டவன் நீ.

உனக்கு ஒரு வயது முடிந்தபோது உன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. மழையும் இல்லை. உன் பெரியப்பா, என் அண்ணன், தா.பழூரில் நெல் விளைகிற பூமியில் இருந்தார், அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "கொஞ்ச நாள் நாங்க வச்சிருக்கோம்" என்று அண்ணி உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் ஐந்து வருஷம் ஆயிற்று. நானும் கேட்கவில்லை. உன்னைப் பார்க்கவே நான் அந்த ஐந்து வருஷத்தில் ஆறேழு தடவைதான் போயிருப்பேன். பிறகு யாரோ வந்து சொன்னார்கள், பள்ளிக்கூடத்துப் பதிவில் தகப்பன் பேர் என்ற இடத்தில் அண்ணன் பேரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று. அந்தப் பதிவில் என் பேரே இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத இடத்தில் எழுதிய ஒரு பேருக்காகத்தான் உன்னைக் கேட்டுப் போனேன். அண்ணன் தர மாட்டேன் என்றார். உறவுக்காரர்கள் கூடிப் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒருவர் சொன்னார்: "கோழிக்குச் செய்யறதுதான். நாளைக்குப் புள்ளையார் கோயில் முன்னால புள்ளய நடுவுல உடுவோம். எங்க ஓடுறானோ அங்க இருக்கட்டும்."

அன்று மத்தியானம் நான் உன் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். உன் கால்சட்டைப் பையில் நாலு கமர்கட்டைப் போட்டேன். "நாளைக்கு எல்லாரும் நிக்கறப்ப அப்பாகிட்ட ஓடியா. நம்ம ஊர்ல திருவிழா, ராட்டினம் வந்திருக்கு. ரெண்டே நாளு, திரும்பக் கொண்டாந்து உட்டுடறேன்" என்றேன். "சத்தியமா?" என்று கேட்டாய். உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் நீ ஒரே ஓட்டமாக என்னிடம் ஓடி வந்தாய். "பாத்தீங்களா, பெத்தவன அடையாளம் தெரியுது புள்ளைக்கு" என்றார்கள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நம் ஊரில் திருவிழாவும் இல்லை, ராட்டினமும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து நீ பஸ் நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு நாள் ஆயிடுச்சாப்பா?" என்று கேட்டாய். ஒரு மாதம் கேட்டாய். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். "நாலு பேர் நடுவுல நிக்க வச்சாங்க, என் மவன் என்கிட்டதான் ஓடியாந்தான்" என்று எத்தனை விசேஷ வீட்டில் சொல்லியிருப்பேன். உனக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் சொன்னேன். நீயும் கேட்டுச் சிரித்தாய். இந்த இடத்தில் டீச்சர் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது. எழுதும்மா என்கிறேன். மகனே, உனக்கும் பிள்ளை பிறக்கும். எது செய்தாலும் செய், அதன் தலையில் கை வைத்துச் சத்தியம் மட்டும் செய்யாதே. அந்தச் சூடு உள்ளங்கையை விட்டுப் போகாது.

இவ்வளவும் தெரிந்த நான் அன்று ஏரிக்கரையில் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடியும் அதையேதான் செய்தேன். மத்தியானத்திலிருந்து கோழியைக் கூடையில் போட்டுப் பட்டினி வைத்தேன். வேட்டி மடிப்பில் இரண்டு கை கம்புத் தானியத்தை முடிந்துகொண்டு போனேன். கரையில் அந்தக் கோடியில் பூங்காவனம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். இந்தக் கோடியில் நான். நாலு பேரும் கோழியையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மடிப்பைத் தளர்த்திக் கம்பைக் குதிகால் ஓரமாகச் சிந்தவிட்டேன்.

கூடையைத் தூக்கினார்கள். கோழி இறகைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. முதலில் என் பக்கம்தான் வந்தது. கம்பு கிடந்த இடத்துக்கே வந்துவிட்டது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கம்பைப் பார்த்தது. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பசித்த வயிறு, மகனே, மத்தியானத்திலிருந்து ஒன்றும் இல்லாத வயிறு. அலகை அது கீழே கொண்டுபோகவே இல்லை. கம்பின் மேலேயே மிதித்துக்கொண்டு திரும்பி, அவ்வளவு நீளக் கரையையும் நடந்தது. பாதிக்கு மேல் ஓட்டம். நான் நறுக்கிய சிறகு பாதி வளர்ந்திருந்தது. அதையும் விரித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடியது. பூங்காவனம் கையை அசைக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவள் காலைத் தாண்டி அவள் வீட்டுக்குப் பின்னால் போயிற்று. நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போய்ப் பார்த்தோம். வாய் உடைந்த ஒரு பழைய பானை சாய்ந்து கிடந்தது. எட்டு மாதம் எந்தக் கூரைக்குக் கீழும் படுக்காத கோழி, மழைக்குக்கூட இறங்காத கோழி, அந்தப் பானைக்குள் போய் ஒடுங்கி உட்கார்ந்து கண்ணை மூடியது. கோயிலில் நிற்பது போல நின்றோம்.

திரும்பும்போது பூங்காவனம் கரை வரைக்கும் கூட வந்தாள். கீழே பார்த்துவிட்டாள். "என்னங்கய்யா, காலடியில கம்பு வெளஞ்சு கெடக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், "எட்டு மாசம் பூனை வாயில உடாம வச்சிருந்தீங்க. அடை வச்சுக் குஞ்சு பொரிச்சா உங்களுக்கும் ஒண்ணு தர்றேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். ஆறு வயதுப் பிள்ளையை ஏமாற்றி ஊரையே நம்ப வைத்தவனை ஒரு கோழி நடுக்கரையில் நிறுத்திவிட்டது.

அன்று ராத்திரி உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. "நானும் சந்தோசமாதானே வாங்கிக்கிட்டேன், எப்பிடி வந்தான்னு ஒரு நாளும் கேக்கலியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "நான் பெத்தேன், அக்கா வளத்தாங்க. ரெண்டு பேருக்கும் எடம் இல்லாத மணையில நான் உக்கார மாட்டேன். போய் அவங்ககிட்டச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனேன். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று கேட்டுக் கேட்டுப் பஸ் மாறி, தா.பழூரில் இறங்கினேன். அண்ணன் இறந்து, அவர் காரியத்துக்குப் போனதற்கப்புறம் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. அண்ணி தனியாக உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க தம்பி, பத்திரிக்கை கொண்டாந்தீங்களா?" என்றாள். "இல்ல அண்ணி, ஒரு தப்பச் சொல்ல வந்தேன்" என்று ஆரம்பித்து, கமர்கட்டு வரைக்கும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு கடலையை உடைத்தாள், இன்னொன்றை உடைத்தாள்.

"தெரியும் தம்பி" என்றாள்.

"எப்பிடி அண்ணி?"

"அன்னிக்கு டவுசரத் தொவைக்க எடுத்தேன். பையெல்லாம் வெல்லப்பாகு. நாலு கெடந்துச்சு. இந்த ஊர்ல அவனுக்கு யாரு நாலு வாங்கித் தருவா?"

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புள்ள இங்கயே இருந்திருப்பானே."

"சொன்னா என்னா ஆவும்? அத்தினி பேரு நடுவுல நிக்க வச்சு, பைய ஒதறிக் காட்டுடான்னுவாங்க. ஆறு வயசுப் புள்ள, திருடன் மாரி நிக்கணும். அதுக்கு அவன் போவட்டும்னு உட்டுட்டேன். வேற டவுசர் போட்டு, அந்த நாலையும் காயிதத்துல மடிச்சுப் பையில வச்சு அனுப்புனேன். அம்மாந்தூரம் பஸ்ஸுல போறான், வழியில பசிக்கும்ல."

கோழியைப் பார்த்து மலைத்து நின்றேன் என்று சொன்னேனே, அன்று அந்த வாசலில் அதைவிட மலைத்துப் போய் நின்றேன். மணையில் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டேன். "தாலி இல்லாதவள மணவறைகிட்டக் கூப்புடுறீங்களே, நல்லாருக்கா? பந்தியில ஒரு எலை போட்டா போதும்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நான் கூப்பிட்டு அவள் எதற்கு வர வேண்டும்?

லீவு போட்டுக்கொண்டு நீ போ, மகனே. நானோ உன் அம்மாவோ கூட வரவில்லை. என் காலைக் கழுவுவதும் கழுவாததும் உன் இஷ்டம், அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் வாசலில் நின்று கூப்பிடு. எப்படிக் கூப்பிடுவது என்றும் உனக்கு நான் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதையும் மறக்க வைத்தது நான்தான். ஆறு வயது வரைக்கும் நீ அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டாய். பெரியம்மா என்று உன்னை அடித்துப் பழக்கியவன் நான்.